வெறும் பக்கத்தில் போட்ட கையெழுத்து

ஆடி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மழை இல்லை. வானம் மூடியிருந்தது. ஆடிக் காற்று வாசலில் கிடந்த புழுதியை எல்லாம் வாரி அந்த அலுவலக வராந்தாவில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் என் அக்கா அந்தக் கையெழுத்தைப் போட்டார்.

நினைவு மலரில் இப்படித் தொடங்கக் கூடாது என்று அக்காவின் மகள் கீதா சொன்னாள். "பொறந்த ஊரு, படிச்ச பள்ளிக்கூடம்னு ஆரம்பிங்க மாமா. கோவமா எழுதாதீங்க. திவசத்துல எல்லாரும் சாப்பிட்டுட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது இது." அவள் சொல்வது நியாயம். இந்த மலரில் மொத்தம் இருபத்து நான்கு பக்கங்கள். எனக்கு ஒதுக்கியிருப்பது ஐந்து. ஐந்து பக்கமும் அமைதியாக எழுத என்னால் முடியாது. அலுவலகத்தின் பெயரையும் அதிகாரியின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அதற்கு மட்டும் சம்மதித்தேன்.

அக்கா பிறந்தது மண்ணச்சநல்லூரில். நாங்கள் ஐந்து பேர். இப்போது மிஞ்சியிருப்பது நான் ஒருவன். அப்பா ஒரு அரிசி ஆலையில் மூட்டை எடை போடும் வேலை பார்த்தார். தராசு நிற்கும் முன் எடையைச் சொல்லச் சொன்ன முதலாளியிடம் ஒரு முறை வேலையை விட்டுவிட்டு வந்தார். எட்டாம் நாள் அவர்களே கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்தக் குணம் எங்கள் ஐவரில் அக்காவுக்கு மட்டும் முழுதாக வந்தது. எனக்கு எண்ணுகிற பழக்கம் மட்டும் வந்தது.

பத்தொன்பது வயதில் அக்காவுக்குக் கல்யாணம். அத்தான் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அக்காவுக்கு முப்பத்தொன்று நடக்கும்போது அவர் காலமானார். கீதாவுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு ஆண்டு தையல் வேலை செய்து காலம் தள்ளியபின் அரியமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அக்காவுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. இருபத்தைந்து ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி.

அந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒரே ஒரு விஷயம். அரிசி மூட்டை வந்தால் எடை போடாமல் ரசீதில் கையெழுத்துப் போட மாட்டார். லாரிக்காரர்கள் திட்டுவார்கள். "எல்லா ஸ்கூல்லயும் கையெழுத்த வாங்கிட்டுக் கெளம்பிட்டோம், இந்த ஒரு எடத்துல மட்டும் தராசத் தூக்கிட்டு வராங்க" என்று ஒரு ஓட்டுநர் எனக்கு முன்னாலேயே சலித்துக்கொண்டார். அக்கா சிரித்தபடி, "உங்க மூட்டைல கொறையாது தம்பி, என் புள்ளைங்க தட்டுலதான் கொறையும்" என்றார். எடை போட்ட பிறகுதான் பேனாவை எடுத்தார்.

இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத பெண்மணி அவர்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன். அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணி ஓய்வுக்குப் பின் அக்கா வீட்டில் உட்காரவில்லை. அரியமங்கலம் பக்கம் வாய்க்கால் கரையில் நாற்பத்து மூன்று வீடுகள் இருந்தன. பட்டறைகளில் கூலி வேலை செய்பவர்கள், பழைய இரும்பு பொறுக்கிப் பிரிப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். பாதிப் பேர் அக்காவின் பள்ளியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அவரை டீச்சர் என்றே கூப்பிடுபவர்கள். வாரம் மூன்று நாள் அக்கா அங்கே போவார். விதவைப் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, மருத்துவமனைச் சீட்டு என்று ஏதாவது ஒன்று. பதினாறு பேருக்குப் பென்ஷன் வாங்கிக் கொடுத்தார். நான் எண்ணிவைத்திருக்கிறேன், அவர் எண்ணவில்லை.

இது தொடங்கி இப்போது மூன்றாவது ஆண்டு நடக்கிறது. நகரத்தில் வறுமைக் குறைப்புக்கு ஓர் ஆலோசனைக் குழு போட்டார்கள். பதினோரு உறுப்பினர்கள். அதில் ஓர் இடம் ஏழை மக்களுக்காகப் பேசும் ஒருவருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். வாய்க்கால் கரைப் பெண்கள் அக்காவின் பெயரைச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து. அதில் முப்பத்தேழு கைநாட்டு. முன்னின்று வாங்கியது தங்கப்பொண்ணு. அவள் ஒரு இரும்புக் கடையில் பிரிப்பு வேலை செய்பவள், அக்காவிடம் சத்துணவு சாப்பிட்டவள். ஆனி மாதம் நியமன ஆணை வந்தது. நான்தான் அதை லேமினேட் செய்தேன். உறவினர்களில் பதினேழு பேர் போனில் வாழ்த்தினார்கள். மூன்று பேர் நேரில் வந்து சால்வை போட்டார்கள். அந்த மூன்று பேரும் இந்த மலரைக் கையில் வாங்குவார்கள். பின்னால் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதல் கூட்டத்துக்கு நான் கூடப் போனேன். உறுப்பினர்களில் பத்துப் பேர் காரில் வந்தார்கள். அக்காவும் நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனோம். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவருகே ஒரு மேஜை, அதன்மேல் கூட்டப் புத்தகம், பக்கத்தில் ஓர் ஊழியர். வருகிறவர்கள் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஆறு பேர் போட்டார்கள். ஏழாவது அக்கா. பேனாவைக் கையில் வாங்கியவர், போடாமல் என்னிடம் திரும்பி வந்தார்.

"தம்பி, அந்தப் பக்கத்துல மேல ஒண்ணுமே எழுதல. வெறும் பக்கமா இருக்கு. கீழ கையெழுத்துப் போடச் சொல்றாங்க."

"அது வழக்கம்க்கா. வந்ததுக்கு அடையாளம். பேசி முடிச்சப்புறம் மேல எழுதிக்குவாங்க."

"என்ன எழுதுவாங்க?"

"பேசுனதத்தான் எழுதுவாங்க. நான் முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் வாங்குனேன். ஒவ்வொருத்தரா எழுதி, படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குனா கூட்டம் முடியறதுக்கே சாயங்காலம் ஆயிடும்."

"வெறும் பக்கத்துல எப்படிடா…"

"நீ போடுக்கா. முதல் நாளே தகராறு பண்றவன்னு பேர் வாங்காத. பின்னால ஆள் நிக்கறாங்க பாரு."

அக்கா என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு போய்ப் போட்டார். மணி பத்து நாற்பது. சுவர்க் கடிகாரம் எனக்கு எதிரில் இருந்தது.

கூட்டம் ஐம்பது நிமிடம் நடந்தது. தெருவிளக்கு, குடிநீர், சுயஉதவிக் குழுக் கடன் பற்றிப் பேசினார்களாம். வாய்க்கால் கரைக்கு இரண்டு குழாய் வேண்டும் என்று அக்கா கேட்டாராம். பார்க்கலாம் என்றார்களாம். டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்களாம். திரும்பும்போது பஸ்ஸில், "நல்லாத்தான் பேசுனாங்கடா" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் நாற்பத்து மூன்று வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். வாய்க்கால் கரைக் குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றுவதென்று ஆலோசனைக் குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறதாம். கூட்டத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. ஆனால் வெறும் பக்கம் நிரம்பிவிட்டது. விவரம் கேட்டுப் போனவர்களிடம் அலுவலகத்தில் புத்தகத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். ஏழாவது கையெழுத்தில் விரலை வைத்து, "உங்க டீச்சரே போட்டிருக்காங்க, அப்புறம் என்ன" என்று அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை தங்கப்பொண்ணு ஸ்ரீரங்கம் வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், நீங்க போட்டீங்களா போடலையா? அத மட்டும் சொல்லுங்க."

"போட்டேன். ஆனா போடும்போது அதுல ஒண்ணும் எழுதல தங்கப்பொண்ணு."

"ஒண்ணும் எழுதாததுல எதுக்குப் போட்டீங்க? எங்க அப்பன் குடிச்சுட்டுப் போடுவான். நீங்க படிச்சவங்க."

"உள்ள வா. உக்காந்து பேசலாம்."

"உள்ள வந்து என்ன பண்றது? நூத்திப் பதினெட்டுப் பேர்ட்ட வாங்குனது நான். இப்ப எல்லாரும் என்னத்தான் கேக்கறாங்க. டீச்சருக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு கேக்கறாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் அங்கேதான் நின்றேன். "நான்தான் போடச் சொன்னேன்" என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியாடா" என்றார். அந்தக் கேள்வியில் என்னைக் குறை சொல்லும் எந்தத் தொனியும் இல்லை. சாகும்வரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நாள் தாமதித்திருக்க மாட்டேன், பின்னால் அவர் கேட்ட மனுவை முதல் வாரமே எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஐப்பசியில் இரண்டாவது கூட்டம். அக்கா மேஜையருகே நின்று, "எழுதிட்டுக் குடுங்க, படிச்சுட்டுப் போடறேன்" என்றார். ஊழியர் உள்ளே போய் அதிகாரியை அழைத்து வந்தார்.

"என்னம்மா பிரச்சினை?"

"போன கூட்டத்துல நாங்க பேசாதத எழுதியிருக்கீங்க சார்."

"கையெழுத்து உங்களதுதானே?"

"என்னதுதான்."

"அப்புறம் என்னம்மா?"

அக்கா கையெழுத்துப் போடாமல் உள்ளே போய் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் இருந்தார், மூன்று முறை பேசினார். புத்தகத்தில் "வரவில்லை" என்று எழுதினார்கள். தை மாதக் கூட்டத்திலும் அதே. சித்திரைக் கூட்டத்திலும் அதே. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவரின் உறுப்பினர் பதவி தானாகவே நீங்கும் என்று ஒரு விதி இருக்கிறதாம். மூன்று கூட்டத்துக்கும் வந்து, மூன்றிலும் பேசி, அவர்கள் கொடுத்த டீயையும் குடித்த ஒரு பெண்மணியை வராதவர் என்று எழுதி நீக்கினார்கள். ஆனி மாதம் கடிதம் வந்தது. நியமித்து ஓர் ஆண்டு. நியமன ஆணையை லேமினேட் செய்தவன் நான் என்பதால் அந்தக் கடிதத்தையும் என்னிடமே கொடுத்தார்.

ஆனால் சித்திரைக் கூட்டத்தில் அக்கா ஒரு வேலை செய்திருந்தார். அதிகாரி போன் பேச வெளியே போன நேரத்தில், மேஜைமேல் கிடந்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஆடி மாதப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துகளுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் எழுதத் தொடங்கினார். பக்கத்து நாற்காலியில் இருந்த உறுப்பினர், "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டார். "பாக்கி வெச்சத எழுதறேன்" என்று அக்கா சொன்னார். அதிகாரி திரும்பி வந்து, "புத்தகத்துல கண்டவங்கல்லாம் எழுதக் கூடாது" என்று சத்தம் போட்டார். "நான் கண்டவ இல்ல சார், ஆர்டர் இருக்கு" என்று சொல்லி, தேதி போட்டு முடித்த பிறகுதான் புத்தகத்தைத் தள்ளிவைத்தார். இதையெல்லாம் அன்று மாலை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"எழுதிட்ட சரி. யாருக்குக்கா தெரியும்? புத்தகம் அவங்க பீரோலதானே இருக்கு?"

"அதுக்குத்தான்டா உன்கிட்ட வந்தேன். நான் நகல் கேட்டா, 'நீங்க உறுப்பினர், கூட்டத்துல வந்து பாத்துக்குங்க'ன்னு திருப்பி விடறாங்க. நீ வெளியாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல நீ கேட்டா அவங்க குடுத்துத்தான் ஆகணும். ஒரு மனு எழுதிப் போடு. அத வாங்கி அந்தப் பொண்ணுகிட்டக் காட்டணும். வேற ஒண்ணும் வேணாம்."

"பாக்கலாம்க்கா" என்றேன்.

பத்து மாதத்தில் பதினோரு முறை கேட்டார். எண்ணியிருக்கிறேன். முழங்கால் வலி என்றேன். கீதா வரட்டும் என்றேன். வெயில் குறையட்டும் என்றேன். படிவம் மாறியிருக்கிறதாம், விசாரிக்க வேண்டும் என்று ஒரு முறை பொய்கூடச் சொன்னேன். உண்மையான காரணத்தை இங்கே எழுதுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் நான் எழுதிய கூட்டப் புத்தகங்கள் அந்தச் சங்கத்தின் பீரோவில் இருக்கின்றன. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து முதலில் வந்தது, தீர்மானம் பின்னால் வந்தது. நான் யார் வீட்டையும் பறிக்கும்படி எழுதவில்லை. ஆனால் வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது தவறென்று என் கையால் ஒரு மனு எழுதினால், யாராவது என் புத்தகங்களைப் பிரிப்பார்கள் என்று பயந்தேன். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகளான பிறகும் பயந்தேன்.

அந்தப் பத்து மாதத்தில் அக்கா வாய்க்கால் கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. வாரம் மூன்று நாள் என்பது ஒரு நாளானது. யாரும் உட்காரச் சொல்லவில்லை என்று கீதாவிடம் சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டபோது, குடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். குழாய் வேண்டுமென்று அவர் கேட்ட தெரு அது. ஒன்பது குடும்பங்கள் நோட்டீஸுக்குப் பயந்து தாங்களாகவே காலி செய்தன. சால்வை போட்ட உறவினர்கள், "இந்த வயசுல இவங்களுக்கு எதுக்கு இந்த வேலை, ஏதாவது வாங்கியிருப்பாங்களோ என்னவோ" என்று ஒரு கல்யாணப் பந்தியில் பேசினார்கள். அதே வரிசையில் மூன்றாவது இலையில் நான் இருந்தேன்.

மாசியில் அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்தது. இதயம் பலவீனமாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். ஐந்தாம் நாள் நான் போயிருந்தபோது ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிக்கொண்டு, "எழுதுனியாடா?" என்றார்.

"நாளைக்கு எழுதறேன்க்கா."

"உன் நாளைய நான் எத்தன பாத்துட்டேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகச் சொன்னார். மறுநாள் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் காலமானார். வயது எழுபத்து நான்கு.

தகனத்துக்குக் கொள்ளிடக் கரைக்கு உறவினர், அக்கம்பக்கத்தார் என்று எண்பத்தாறு பேர் வந்தார்கள். வாய்க்கால் கரையிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். இருபத்தைந்து ஆண்டுகள் அத்தனை பிள்ளைகளுக்கும் அளந்து சோறு போட்டவருக்கு இரண்டு பேர். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து அவர்கள் செய்தது சரி. என் கோபம் வெறும் பக்கத்தை நிரப்பியவர்மேல், வந்தவரை வரவில்லை என்று எழுதியவர்மேல், பந்தியில் பேசியவர்கள்மேல். அதைக் கேட்டுக்கொண்டு பாயசத்துக்குக் காத்திருந்தவன்மேல்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மனுவை எழுதினேன். எழுத இருபத்தைந்து நிமிடம் ஆனது. நேரில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். முப்பத்து நான்காம் நாள் நகல் வந்தது. மூன்று பக்கம். முதல் இரண்டும் கூட்ட அழைப்பு, மூன்றாவது அந்த ஆடி மாதப் பக்கம். ஒருவரும் என் சங்கப் புத்தகங்களைப் பிரிக்கவில்லை. நான் யார் என்றுகூட எவரும் கேட்கவில்லை.

மூன்றாம் பக்கத்தின் அடியில் அக்காவின் குண்டு குண்டான எழுத்தில் நான்கு வரி இருந்தது. "நான் கையெழுத்துப் போட்டபோது இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதப்படவில்லை. மேலே எழுதியிருப்பது பற்றிக் கூட்டத்தில் பேசவே இல்லை. வாய்க்கால் கரை மக்களைக் கேட்காமல் அவர்களை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு." தன் தவறு என்று எழுதியிருக்கிறார். தம்பி சொன்னான் என்று எழுதவில்லை. எதிர்ப்பக்கத்தில் அந்த நகலை அச்சிட்டிருக்கிறோம். தயவுசெய்து படிக்க வேண்டும்.

நகலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். தங்கப்பொண்ணு வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். காகிதத்தை ஈரம் படாமல் விரல் நுனியில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது டீச்சர் எழுத்துதான். இன்னைக்கு முட்டை உண்டுன்னு போர்டுல எழுதிப் போடுவாங்க, அதே எழுத்து." எழுத்துக் கூட்டி நான்கு வரியையும் இரண்டு முறை படித்தாள். "எப்ப எழுதுனது சார் இது?"

"போன வருஷம் சித்திரைல."

"அப்ப எங்ககிட்ட ஏன் காட்டல?"

"காட்டறதுக்குக் காகிதம் இல்ல. நகல் வாங்கணும். நான் வாங்கித் தரல." மீதியையும் சொன்னேன். "அன்னைக்குப் போடச் சொன்னதும் நான்தான்."

அவள் என்னைத் திட்டவில்லை. காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "இத வாங்க ரொம்ப செலவாகுமோ?" என்று மட்டும் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது முப்பத்து நான்கு குடும்பங்களும் அந்த நகலை இணைத்து மேலிடத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் முடிவு வரவில்லை. வீடுகள் நிற்கின்றன. திவசத்துக்கு முப்பத்து நான்கு வீட்டிலிருந்தும் வருவதாகத் தங்கப்பொண்ணு சொல்லி அனுப்பியிருக்கிறாள். "சாரை இலை எண்ணி வெச்சுக்கச் சொல்லு" என்றாளாம். எண்ணிவைத்திருக்கிறேன்.

அக்காவைக் கடைசி ஆறு நாளும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கொள்ளிடக் கரைவரை தோள்கொடுத்த நான்கு பேருக்கும், வெயிலில் நடந்தே வந்த அந்த இரண்டு பெண்களுக்கும், கோபத்தை அடிக்காமல் அப்படியே அச்சுக்கு அனுப்பிய கீதாவுக்கும் என் நன்றி. சால்வை போட்டவர்களுக்கும் நன்றி. சால்வைகள் பத்திரமாக இருக்கின்றன, வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

தங்கப்பொண்ணு கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். மனுவில் ஒட்டிய ஸ்டாம்ப் பத்து ரூபாய். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் மூன்று பக்கத்துக்கு ஆறு ரூபாய். மொத்தம் பதினாறு ரூபாய்.